கயிறு கிண்ணமான கதை

வெள்ளைப் பருத்திக் கயிற்றை வட்டமாகச் சுருட்டி, தையல் மெஷினில் ஓட்டிச் செய்த கிண்ணங்களை இப்போது கோலாலம்பூர்க் கைவினைச் சந்தைகளில் பார்க்க முடிகிறது. சாவி போட்டுவைக்கிறார்கள், சின்ன வெங்காயம் கொட்டிவைக்கிறார்கள், குழந்தையின் பொம்மைகளை அள்ளிப் போடுகிறார்கள். அம்பாங்கில் எனக்குத் தெரிந்த தையற்காரப் பெண்கள் சிலரும் இதைச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். வாங்க வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இது வெளிநாட்டுப் பொருள்தானே என்று கேட்பது வழக்கம். பாதிக்கு அப்படித்தான். இந்தக் கிண்ணத்தின் கதையில் கடைசி அத்தியாயம் அமெரிக்காவில் எழுதப்பட்டது. அதற்கு முந்தைய அத்தியாயங்களில் நம் நெற்களமும், பனங்காடும், அடுப்பங்கரையும் இருக்கின்றன. அவை சேர்ந்த முழுக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கயிறு வேண்டும். கயிறு எவ்வளவு பழையது என்பதற்கு பிரான்சில் ஒரு சான்று கிடைத்திருக்கிறது. ஆப்ரி டு மாரா என்ற பாறை ஒதுக்கிடத்தில் ஒரு கல் கருவியின் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த நார்த் துணுக்கை ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்து 2020இல் அறிவித்தார்கள். நீளம் 6 மில்லிமீட்டர்தான். ஆனால் மரப்பட்டை நாரை மூன்று புரியாக ஒரு திசையில் முறுக்கி, அந்த மூன்றையும் எதிர்த்திசையில் சேர்த்து முறுக்கியிருக்கிறார்கள். வயது 40,000 ஆண்டுகளுக்கு மேல். முறுக்கியவர்கள் நியாண்டர்தால் மனிதர்கள். இன்றைக்கும் தேங்காய் நாரைத் தொடையில் வைத்து உருட்டிக் கயிறு திரிக்கிற எவரும் செய்வது இதையேதான். ஒரு புரி பிரிந்துபோகப் பார்க்கும் திசையில் மொத்தக் கயிறு இறுகும். அந்த எதிர்ப்பில்தான் கயிறு நிற்கிறது.

கயிறு வந்துவிட்டால் அதைச் சுருட்டிவைக்கத் தோன்றுவது இயல்பு. சுருட்டியதற்குள் எதையாவது வைக்கத் தோன்றுவதும் இயல்பு. தமிழ்நாட்டு நெற்களங்களில் இது எவ்வளவு பெரிய அளவில் நடந்தது என்பதை இன்றைய தலைமுறைக்குச் சொல்லித்தான் தெரியவேண்டியிருக்கிறது. தஞ்சைப் பக்கம் சேர் கட்டுவார்கள். வைக்கோலை முறுக்கிக் கை தடிமனுக்குப் பிரியாக்கி, அதை வட்டமாகத் தரையில் போட்டு, உள்ளே நெல்லைக் கொட்டுவார்கள். நெல் உயர உயரப் பிரியும் சுற்றுச் சுற்றாக மேலே ஏறும். கடைசியில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு வைக்கோல் கோபுரம் நிற்கும். சுவர் முழுவதும் ஒரே கயிறு. திருநெல்வேலி, நாஞ்சில்நாட்டுப் பக்கம் விதைக்கோட்டை கட்டுவார்கள். விதை நெல்லை வைக்கோலுக்குள் பொதிந்து, வைக்கோல் பிரியால் நெருக்கமாகச் சுற்றி இறுக்கி, உருண்டையாகத் தட்டி, மேலே சாணம் பூசிவிடுவார்கள். ஈரமும் பூச்சியும் அண்டாமல் அடுத்த விதைப்பு வரை நெல் உள்ளே பத்திரமாகக் கிடக்கும்.

அடுப்பங்கரைக்கு வந்தால் பிரிமணை. உருண்டை அடி கொண்ட மண்பானை சமதரையில் நிற்காது. வைக்கோலையோ நாரையோ வளையமாக முறுக்கிச் சுற்றி அதன்மேல் பானையை உட்காரவைப்பார்கள். தலைச்சுமைக்காரர்களின் சும்மாடும் இதே குடும்பம்தான். துணியை முறுக்கு, வளையமாக்கு, நுனியைச் செருகு. முடிந்தது.

இவற்றுக்கும் கயிற்றுக் கிண்ணத்துக்கும் இடையில் உள்ள தூரத்தைச் சரியாக அளக்க வேண்டும். சேரும் விதைக்கோட்டையும் உள்ளே இருக்கும் நெல்லால் நிற்பவை. நெல் வெளியே தள்ளுகிறது, பிரி உள்ளே இறுக்குகிறது. நெல்லை எடுத்துவிட்டால் சேர் சரிந்து மறுபடியும் கயிறாகிவிடும். பிறகு மாட்டுக்குத் தீனி. காலியாக இருக்கும்போதும் தன் உருவத்தில் நிற்பதுதான் பாத்திரம். கயிற்றை அப்படி நிற்கவைக்க ஒரு சுற்றை அடுத்த சுற்றோடு பிணைக்க வேண்டும். அதற்கு ஊசி வேண்டும்.

கூடை செய்யும் முறைகளைப் பெரிதாக மூன்றாகப் பிரிக்கலாம். ஓலைப் பட்டைகளை மேலும் கீழுமாகக் கோத்துப் பின்னுவது ஒன்று. நிற்கும் குச்சிகளுக்கு இடையே இரண்டு இழைகளை முறுக்கி முறுக்கி ஓட்டுவது இரண்டாவது. புல்லையோ நாரையோ ஈர்க்கையோ கொத்தாக எடுத்துச் சுருளாக வைத்து, ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு தைத்துக்கொண்டே போவது மூன்றாவது. இந்த மூன்றாவதில்தான் துளைபோட ஒரு முள்ளோ எலும்போ ஊசியோ இல்லாமல் வேலை நடக்காது. பெயருக்குக் கூடை என்றாலும் செய்முறையில் இது தையல்.

எகிப்தின் ஃபாயும் பாலைநிலத்தில் 1920களில் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன் என்ற பெண் தொல்லியலாளரும், நிலவியலாளர் எலினோர் கார்ட்னரும் தானியக் குழிகளைக் கண்டுபிடித்தார்கள். குழிகளின் உட்சுவரில் கோதுமை வைக்கோலைச் சுருளாகச் சுற்றித் தைத்த கூடைகள் பதிந்திருந்தன. சிலவற்றில் தானியமும் மிச்சம் இருந்தது. காலம் ஏறத்தாழ கி.மு. 4500. தஞ்சை விவசாயி சேரின் முன் நின்று எதை நினைத்தாரோ அதையேதான் ஃபாயும் விவசாயியும் நினைத்திருக்கிறார்: அறுத்த தாளிலேயே அறுவடையைக் காப்பாற்றலாம். ஒருவரிடம் கற்றுத்தான் இன்னொருவர் செய்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. தானியமும் தாளும் ஒரே வயலில் கிடக்கும் இடங்களில் இந்த யோசனை தனித்தனியாகவே முளைக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நம்மிடமும் தைத்த சுருள் உண்டு. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் செய்யும் பெட்டிகளைப் பார்த்தால் தெரியும். பின்னலும் இருக்கும், சுருளும் இருக்கும். சுருளில் பனை ஈர்க்குதான் உள்நரம்பு. அதன்மேல் நறுக்கிய ஓலையைச் சுற்றிச் சுற்றி, கீழ்ச் சுற்றில் குத்தி இழுத்துக்கொண்டே போவார்கள். தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடும் பனை ஓலைப் பொருள்களுக்குப் பேர்போனது. பீகாரின் மிதிலைப் பெண்கள் சிக்கிப் புல்லில் இதே வேலையைச் செய்கிறார்கள். உள்ளே முரட்டு மூஞ்சப் புல், மேலே பொன்னிறச் சிக்கி, கையில் ஓர் இரும்பு ஊசி. மலேசியாவுக்குப் பக்கத்திலேயே பாலித் தீவின் தெங்கானான் ஊரில் ஆத்தா என்ற கொடியைச் சுருளாகத் தைத்து, வெயிலில் காயவைத்து, தேங்காய் மட்டைப் புகையில் பழுக்கவைத்து விற்கிறார்கள். அந்தக் கூடையில் மூக்கை வைத்தால் புகை வாசம் அடிக்கும்.

ஆனால் கோலாலம்பூர் இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் சுருள் இல்லை. இங்கே பின்னல்தான் ஆட்சி செய்கிறது. மெங்குவாங் தாழை ஓலை அகலமானது, நீளமானது, பட்டை பட்டையாகக் கிழிக்கத் தோதானது. அதனால் பாயும் பெட்டியும் பின்னலாகவே பிறந்தன. கேரித் தீவில் சுங்கை பும்பூன் கிராமத்து மா மெரிப் பழங்குடிப் பெண்கள் தொம்போக் தொப்போ என்ற குழுவாகச் சேர்ந்து இன்றும் பின்னுகிறார்கள். அவர்களுடைய சிறு பைகளின் நேர்த்தி தனி. கேரித் தீவு தமிழர்களுக்கும் பழகிய ஊர். தோட்டத்து லயங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த இடம்.

அந்தத் தோட்டத் தமிழர்களின் கையிலிருந்த சுருள் எங்கே போயிற்று? இந்தக் கதையில் என்னை அதிகம் உறுத்துவது இந்த இடம்தான்.

அம்பாங் என்ற ஊர் ஈயத்தால் உண்டானது. 1857இல் ராஜா அப்துல்லாவின் ஏற்பாட்டில் 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகேறி வந்து, ஆறுகள் கூடும் இடத்தில் இறங்கி, காட்டுக்குள் நடந்து அம்பாங்கில் ஈயம் தோண்டினார்கள். மலேரியாவில் பெரும்பாலோர் இறந்து 18 பேரே மிஞ்சினார்கள். கோலாலம்பூர் நகரம் அந்த ஈயத்தின் துறைமுகமாகத்தான் முளைத்தது. ஈயத்துக்குப் பின் ரப்பர் வந்தது. ரப்பருக்காகத் தமிழர்கள் வந்தார்கள். நகரத்திலிருந்து அம்பாங்குக்குப் போகும் வழியின் தொடக்கத்தில், இன்றைய லெபோ அம்பாங்கில், செட்டியார்களின் வட்டிக்கடைகள் வரிசையாக இருந்தன.

செட்டியார்களின் ஊரில் கொட்டான் இருந்தது. கொட்டான் பின்னல் வகை. நகரத்தார் வீட்டுச் சடங்குகளில் சீர் வைக்கும் அந்தப் பனையோலைக் கூடை அழியும் நிலைக்குப் போய், விசாலாட்சி ராமசாமியின் முயற்சியால் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டது. பின்னர் புவிசார் குறியீடும் பெற்றது. அது மீண்டதற்கு ஒரு காரணம் எளியது: செட்டிநாட்டில் பனை இன்னும் நிற்கிறது. மலாயாவுக்குக் கப்பலேறியவர்கள் பனையை விட்டுவிட்டு வந்தார்கள். இங்கே பனங்காடு கிடையாது. ரப்பர்த் தோட்டத்தில் நெல் அறுவடை கிடையாது. வைக்கோல் இல்லாத இடத்தில் யார் பிரி முறுக்குவார்கள்? விதை நெல் இல்லாத வீட்டில் கோட்டை எதற்கு? அரிசி கடையிலிருந்து வந்தது, அதுவும் வாரப்படியாக. அளக்கப் பால் டின். தண்ணீர் தூக்க மண்ணெண்ணெய் டின். ஈய நாட்டில் கைக்கு முதலில் கிடைத்தது தகரம். கை மறந்ததற்குக் கையைக் குறைசொல்ல முடியாது. பொருள் போனால் தொழில் போகும்.

இதற்கு நேரெதிரான ஒரு கதை அமெரிக்காவில் நடந்தது. அதைத் தெரிந்துகொண்டால் நம் இழப்பின் வடிவம் இன்னும் தெளிவாகும். மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் கரைகளிலிருந்து அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட மக்கள் தென் கரோலினாவில் இறக்கப்பட்டார்கள். அங்கே அவர்களை வேலைவாங்கிய பயிரும் நெல்தான். நெல் இருந்ததால் புடைக்கச் சுளகு வேண்டியிருந்தது. சதுப்பில் கோரையும் நறுமணப் புல்லும் இருந்தன, தைக்கக் குட்டைப் பனையின் ஓலைக் கீற்று இருந்தது. ஆகவே சுருள் கூடை அவர்களோடு கடல் தாண்டியும் பிழைத்தது. கல்லா மக்கள் என்று அழைக்கப்படும் அவர்களுடைய வழித்தோன்றல்கள், கூடை தைக்கிறோம் என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். ஊசிக்குப் பதில் பழைய கரண்டியின் காம்பை வெட்டித் தட்டையாகத் தேய்த்துத் துளைபோடுகிறார்கள். 1929இல் கூப்பர் ஆற்றுப் பாலம் திறந்து நெடுஞ்சாலை வந்ததும், மவுண்ட் பிளசன்ட் ஊர்ச் சாலையோரத்தில் பெண்கள் கூடைகளை மாட்டிவைத்து விற்கத் தொடங்கினார்கள். 2006இல் தென் கரோலினா அதைத் தன் மாநிலக் கைவினையாக அறிவித்தது. கட்டாயத்தின் பேரில் ஏற்றப்பட்ட மக்கள், கப்பலில் எதையும் கொண்டுவர முடியாத மக்கள், விரலில் கொண்டுவந்த வேலை அது. பழைய பயிரும் அதே குணமுள்ள புல்லும் புது மண்ணில் எதிர்ப்பட்டதால் அது நிலைத்தது.

இனி மெஷின்.

ஐசக் சிங்கர் தன் தையல் மெஷினுக்கு 1851இல் காப்புரிமை பெற்றார். அவருடைய தொழில் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் 1856 வாக்கில் தவணை முறையைக் கொண்டுவந்த பிறகு அது ஏழை வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. மலாயாத் தமிழர் வீடுகளில் கறுப்பு உடலும் தங்க எழுத்தும் கொண்ட சிங்கர் கால்மெஷின் நகைக்கு அடுத்த சொத்தாக இருந்தது. கணவன் இறந்த பின் அதை மட்டும் வைத்துப் பிள்ளைகளைக் கரையேற்றிய தாய்மார்களை நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் அந்த மெஷினில் கயிற்றுக் கிண்ணம் தைக்க முடியாது. அதில் ஊசி ஒரே கோட்டில்தான் இறங்கும். இரண்டு கயிறுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றைக் குத்தும் அல்லது நடுச்சந்தில் விழும். இரண்டையும் பிணைக்க ஊசி இடது கயிற்றில் ஒரு குத்து, வலது கயிற்றில் ஒரு குத்து என்று மாறிமாறி ஆட வேண்டும்.

அந்த ஆட்டத்தைக் கொடுத்தவர் ஒரு பெண். பெயர் ஹெலன் அகஸ்டா பிளான்ச்சர்ட், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து போர்ட்லாண்ட் ஊர்க்காரர். தந்தை செல்வர். தொழில் நொடித்துச் சொத்து போயிற்று. பொறியியல் படிக்காத அவர் 1873இல் ஸிக்ஸாக் தையலுக்கு வழிவகுத்த மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். துணியின் ஓரம் பிரியாமல் மடக்கித் தைப்பதுதான் அப்போது நோக்கம். 1881இல் பிலடெல்பியாவில் சொந்த நிறுவனம் தொடங்கினார். பின்னாளில் சம்பாதித்த பணத்தில், கைவிட்டுப்போன குடும்ப வீட்டை மீட்டுவிட்டார். இன்று கயிற்றுக் கிண்ணத்தின் ஒவ்வொரு சுற்றிலும் இடம் வலம் ஓடும் நூல் அந்தப் பெண் காட்டிய பாதையில் ஓடுகிறது. இந்தக் கிண்ணத்துக்கு ஒரு தாய் என்று யாரையாவது காட்டச் சொன்னால் நான் அவரைத்தான் காட்டுவேன்.

ஸிக்ஸாக் நெடுங்காலம் தொழிற்சாலைக்குள்ளேயே இருந்தது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில்தான் இத்தாலியின் நெக்கி, சுவிட்சர்லாந்தின் பெர்னினா போன்ற கம்பெனிகளின் மெஷின்கள் வழியாக அது வீட்டு மேசைகளுக்குப் பரவலாக வந்தது. பிறகு ஜப்பானிய மெஷின்கள் விலையைக் குறைத்தன. இப்போது நாம் வாங்கும் சாதாரண மின் மெஷினில்கூட ஸிக்ஸாக் இருக்கிறது. கால்சட்டை ஓரம் அடிக்க மட்டும் அதைத் திருப்பிவிட்டு மறந்துவிடுகிறோம்.

கயிற்றுக்கும் ஒரு வரலாறு நடந்துகொண்டிருந்தது. முறுக்கிய கயிறு இழுத்தால் சுழலும், வெட்டினால் பிரியும். பின்னிய கயிறு அப்படிச் செய்யாது. ஜேம்ஸ் டோல்மன் என்பவர் உள்ளேயும் கெட்டியாகப் பின்னிய பருத்திக் கயிற்றைச் செய்யும் வழியைக் கண்டு, சாம்சன் கயிற்றுக் கம்பெனியை நிறுவினார். மேலும் கீழும் நகரும் சன்னல் சட்டங்களில் எடையைத் தொங்கவிட அந்தக் கயிறு பயன்பட்டது. சிங்கத்தோடு மல்லுக்கட்டும் சாம்சன் படம்தான் அதன் முத்திரை. அமெரிக்காவில் பதிவாகி இன்னும் புழக்கத்தில் இருக்கும் முத்திரைகளில் மிகப் பழையது என்று அதைச் சொல்வார்கள். அந்த வகைப் பருத்திக் கயிறு பின்னர் துணி உலர்த்தும் கொடியாக ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் தொங்கியது. உருண்டையாக, ஒரே தடிமனாக, வழுவழுப்பாக, ஊசி நுழையும் அளவுக்கு மென்மையாக இருந்தது. கூடைக்காரர்கள் புல்லைக் கொத்து கொத்தாகச் சேர்த்து ஒரே தடிமனில் கொண்டுவரப் படும் பாடு இதில் இல்லை.

சுருளைத் தையல் மெஷினில் தைக்கும் பழக்கமும் ஏற்கெனவே இருந்தது. வைக்கோல் தொப்பியை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். உச்சியில் ஒரு புள்ளியில் தொடங்கி, பின்னிய வைக்கோல் நாடா சுற்றிச் சுற்றி விளிம்பு வரை வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அதற்கென்று தனி மெஷின்கள் வந்துவிட்டன. கந்தல் துணியைச் சடையாகப் பின்னி வட்டமாகச் சுற்றித் தைத்த கால்மிதிகளும் அமெரிக்கக் கிராம வீடுகளில் பழக்கம். தொப்பியைக் கவிழ்த்துப் போட்டால் கிண்ணம். அந்தக் கவிழ்த்தலை யார் முதலில் செய்தார்கள் என்று தேடுவது வீண். பல மேசைகளில் பல பெண்கள் செய்திருப்பார்கள்.

பெயர் சொல்லக்கூடியவர் ஒருவர் உண்டு. சூசன் பிரையர் என்ற அமெரிக்கப் பெண், துணி உலர்த்தும் கயிற்றின்மேல் ஒட்டுத்தையல் மிச்சங்களைக் கீற்றுக் கீற்றாகச் சுற்றி, அதைச் சுருளாக ஸிக்ஸாக்கில் தைத்துக் கிண்ணமும் கூடையும் பையும் செய்யும் முறையை 2006இல் ஒரு நூலாக வெளியிட்டார். கல்லாக் கூடை மாநிலக் கைவினையான அதே ஆண்டு. அந்த நூல் வந்த பிறகு கயிற்றுக் கிண்ணம் தையற்காரர்களின் உலகம் முழுவதும் பரவியது. அடுத்து நியூயார்க்கின் புரூக்ளினில் டக் ஜான்ஸ்டன் என்ற கலைஞர் துணி எதையும் சுற்றாமல் வெறும் கயிற்றையும் நிற நூலையும் மட்டும் வைத்துச் செய்தார். கயிறு அதன் இயல்பான வெள்ளையில், நூலின் நிறம் மெல்லிய கோடுகளாக. இன்று நாம் சந்தைகளில் பார்க்கும் தோற்றம் இந்த இரண்டாவது பாணிக்கு நெருக்கமானது.

எனக்கு முதல் பாணி பிடித்திருக்கிறது. கயிற்றின்மேல் துணிக் கீற்றைச் சுற்றுவது, ஈர்க்கின்மேல் ஓலையைச் சுற்றுவதேதான். பழவேற்காட்டுப் பெண்ணின் கை செய்வதை மெஷினுக்கு முன்னால் செய்கிறோம். ஓலைக்குப் பதில் பழைய சேலை. கிழிந்த பருத்திச் சேலையைத் தூக்கிப்போட மனம் வராத வீடுகள் நம்முடையவை. விரலகலக் கீற்றாகக் கிழித்துச் சாய்வாகச் சுற்றினால் சேலையின் கரை சுருளில் எங்கெங்கோ வந்து எட்டிப்பார்க்கும். பாத்திக் மிச்சமும் நன்றாக வரும். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கத்துத் துணிக்கடைகளில் துண்டுத்துணியாகவே கிடைக்கும்.

செய்யும் விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இதில் ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் இருக்கிறது.

கயிற்றின் தடிமன் 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நீளம் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம், ஏனென்றால் நீளத்தைத் தடிமனால் பெருக்கினால் கிண்ணத்தின் மொத்தப் பரப்பு. அடித்தட்டு 15 சென்டிமீட்டர் அகலம் என்றால் 15 சுற்று வரும். அதற்கு மூன்றரை மீட்டர் போகும். சுவர் 10 சென்டிமீட்டர் உயரம் என்றால் 20 சுற்று. நடுப்பாகத்தில் 20 சென்டிமீட்டர் விரிந்த கிண்ணத்தில் ஒரு சுற்று 63 சென்டிமீட்டர். அங்கே பன்னிரண்டரை மீட்டர். மொத்தம் 16 மீட்டர். கைப்பிடிக்கும் சேதாரத்துக்கும் சேர்த்து 20 மீட்டர் வாங்கினால் போதும்.

நுனியை நத்தை ஓடுபோல இறுக்கமாகச் சுருட்டி, நடுவில் பெருக்கல் குறியாக இரண்டு தையல் ஓட்டிப் பூட்ட வேண்டும். பிறகு ஸிக்ஸாக் அகலத்தை 5க்கு வையுங்கள். ஊசி பக்கத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர் போகும், அதாவது ஒவ்வொரு கயிற்றின் நடு நெஞ்சில் குத்தும். அகலம் குறைந்தால் ஓர நூலை மட்டும் பிடிக்கும், கொஞ்ச நாளில் விட்டுவிடும். ஜீன்ஸ் தைக்கும் 16ஆம் நம்பர் ஊசி போட வேண்டும். சுருள் ஊசிக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும், கயிறு வலப்பக்கமாக நம்மிடமிருந்து உள்ளே போக வேண்டும். மெஷினின் வலப்பக்கம் அதன் உடம்பு இருக்கிறது, தட்டு பெரிதாகப் பெரிதாக அங்கே இடிக்கும். இடப்பக்கம் திறந்த வெளி. சுருள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் தானாகவே சுற்றிவரும். இழுக்காதீர்கள், தள்ளாதீர்கள். இழுத்துத் தைத்த தட்டு ஓரத்தில் வாரிக்கொண்டு தொப்பிபோல மேலெழும்பும்.

தட்டு வேண்டிய அளவுக்கு வந்ததும் அதன் இடது ஓரத்தைத் தூக்கி மெஷின் தலையின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபடி அடுத்த சுற்றைத் தைக்க வேண்டும். அந்த நொடியில்தான் தட்டு கிண்ணமாகிறது. அதிகம் தூக்கினால் சுவர் செங்குத்தாக எழும், கொஞ்சமாகத் தூக்கினால் அகலத் தாம்பாளமாக விரியும். எந்தச் சாய்வில் தொடங்கினோமோ அதே சாய்வில் சுற்று முழுவதும் பிடித்திருக்க வேண்டும். குயவர் சக்கரத்தில் விரல் செய்கிற வேலையை இங்கே இடது உள்ளங்கை செய்கிறது. விளிம்பு வந்ததும் கயிற்று நுனியைச் சாய்வாக வெட்டி, முந்தைய சுற்றின் மேல் படியவைத்து, முன்னும் பின்னுமாக ஓட்டிப் பூட்டிவிடலாம். கைப்பிடி வேண்டுமென்றால் ஒரு சுற்றில் எதிரெதிரே இரண்டு இடத்தில் விரல் நுழையும் அளவுக்குக் கயிற்றைத் தைக்காமல் தூக்கி விட்டு, அடுத்த சுற்றை அதன்மேலேயே ஓட்ட வேண்டும்.

மெஷின் இல்லாதவர்கள் கையால் தைக்கலாம். பெரிய கண் கொண்ட கோணி ஊசியில் கெட்டி நூலைக் கோத்து, கீழ்ச் சுற்றின் தலையில் குத்தி மேல் சுற்றைச் சுற்றி இழுங்கள். மெதுவாகத்தான் வரும். ஆனால் இறுக்கத்தில் மெஷின் வேலைக்குக் குறையாது. கல்லாப் பெண்களும் மிதிலைப் பெண்களும் கையால்தான் தைக்கிறார்கள்.

கயிறு வாங்கும்போது பருத்திக் கயிறா என்று கேட்டு வாங்குங்கள். நம் ஹார்ட்வேர் கடைகளில் முதலில் எடுத்துக் காட்டுவது பிளாஸ்டிக் கயிறாக இருக்கும். அது வழுக்கும், வேகமாக ஓடும் ஊசியின் சூட்டில் இளகி ஊசியோடு ஒட்டிக்கொள்ளும். தேங்காய் நார்க் கயிறு அழகுதான், ஆனால் பிசிர் உதிர்ந்து பாபின் பெட்டிக்குள் அடைந்துவிடும். அதைக் கைத்தையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பருத்திக்கு இங்கே உள்ள ஒரே எதிரி ஈரக்காற்று. மழை மாதங்களில் மூடிய அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வாரத்துக்கு ஒருமுறை வெயில் காட்டினால் போதும்.

அம்பாங்கிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் எத்தனையோ தமிழ் வீடுகளில் தையல் மெஷின் துணி போர்த்தி மூலையில் நிற்கிறது. ரவிக்கை தைக்கவும் இப்போது கடைக்குப் போகிறோம். போர்வையை எடுத்துவிட்டுப் பாருங்கள், ஸிக்ஸாக் குமிழ் இருக்கிறதா என்று. இருந்தால் பருத்திக் கயிறு 20 மீட்டர், 16ஆம் நம்பர் ஊசி ஒன்று, பழைய சேலை ஒன்று. வீட்டில் பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, பிரிமணை எப்படிச் சுற்றுவார்கள் என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பாட்டிக்குத் தெரிந்திருந்தால் அவரையே முதல் சுற்றைச் சுருட்டச் சொல்லுங்கள்.